துருத்திக்காரி கீழே வந்த ஞாயிறு

எங்கள் கோவிலில் எட்டரை மணிப் பாட்டுப் பூசை முன்பெல்லாம் ஒன்பதரைக்கு முடிந்துவிடும். பிரான்சுவா ஆர்கன் வாசிக்க வந்த பிறகு ஒன்பதே முக்கால் ஆயிற்று. போகப் போகப் பத்து மணி ஆகிவிட்டது. கறியைத் தணலில் வைத்துவிட்டு வந்த பெண்களுக்கு அந்த அரை மணி நேரம் எவ்வளவு நீளம் என்று ஆண்களுக்குப் புரியாது. மோட்சத்தின் மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும் குழம்பு அடிப்பிடிப்பதை யாரால் பொறுக்க முடியும்?

ஆனாலும் யாரும் எழுந்து போனதில்லை. அந்த மனுஷன் அப்படி வாசித்தார்.

பிரான்சுவா பாண்டிச்சேரிக்காரர். சைகோன் துறைமுகத்தில் சுங்க ஆபீஸ் எழுத்தர். வயது நாற்பத்திரண்டு, கல்யாணம் ஆகவில்லை. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அதிலும் பாதி 'ஆமாம்' என்பதாக இருக்கும். அப்படிப்பட்டவர் ஆர்கன் முன்னால் உட்கார்ந்தால் நிறுத்தாமல் பேசுவார். எதிரே ஏடு எதுவும் இருக்காது. பீடத்தில் பங்குச் சாமியார் லத்தீனில் பாடி முடித்த மெட்டிலிருந்து நாலைந்து சுரத்தை எடுத்துக்கொள்வார். நாகஸ்வரக்காரர் ராகத்தை விரிக்கிற மாதிரி அதை விரித்துக்கொண்டே போவார். காணிக்கைத் தட்டு சுற்றி வந்து சேரும் வரைக்கும், தூபம் காட்டி முடிக்கும் வரைக்கும், நற்கருணை நன்மை வாங்கும் வரிசை தீரும் வரைக்கும் போகும். சாமிக்குக் கால் வலித்து மெல்ல நடந்தால் ராகமும் மெல்ல நடக்கும். சாமி சட்டென்று திரும்பினால் இதுவும் சட்டென்று ஒரு நல்ல இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அந்தந்த நிமிஷத்தில் கையில் வருவதுதான். அடுத்த வாரம் கேட்டால் அவருக்கே நினைவிருக்காது.

மணி அடித்து, சாமி அப்பத்தை உயர்த்திக் காட்ட, எல்லோரும் முழந்தாளிடுகிற எழுந்தேற்றம்தான் விசேஷம். எக்காளம் மாதிரி ஒலிக்கும் குழல் வரிசைகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டே வந்து, கடைசியில் ஒரே ஒரு புல்லாங்குழல் வரிசையில் வந்து நிற்பார். தூங்கும் குழந்தையின் மூச்சுப் போல அது ஓடும். முன்வரிசையில் பென்ஷன் வாங்கும் பழைய பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தாக்கள் மீசையோடு அழுவார்கள். நானும் அழுவேன்.

இந்த அழுகைக்கெல்லாம் காரணம் அந்துவானேத் என்று கண்டுபிடித்தவள் நான்தான்.

ஆர்கன் வாசிப்பவர் மேல்மாடத்தில் பீடத்துக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். அதனால் அவர் விரல் வைக்கிற கட்டைகளுக்கு மேலே முகம் மழிக்கிற கண்ணாடி அளவில் ஒரு கண்ணாடி மாட்டியிருக்கும். அதில் பீடம் தெரியும். பெண்கள் பக்கத்து முதல் மூன்று வரிசையும் தெரியும். இரண்டாம் வரிசையில் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர் மகள் அந்துவானேத், இருபத்தாறு வயசு, வெள்ளை முக்காட்டோடு உட்கார்ந்திருப்பாள். கல்யாணமாகாத மனுஷன், கண்ணாடி, வெள்ளை முக்காடு, வாரா வாரம் நீளும் பூசை. வேறென்ன நினைக்க முடியும்? ஒரு வார்த்தைதான் சொன்னேன். அந்துவானேத்தின் அம்மா அடுத்த வாரமே கல்யாணப் புடவைக்குச் சரிகைக்காரனை வீட்டுக்கு வரவழைத்துவிட்டாள்.

ஆர்கனுக்குப் பின்னால் இன்னொரு ஆள் இருப்பது எங்கள் யாருக்கும் நினைவுக்கே வரவில்லை.

அவள் மாரி-ரோஸ். ஆர்கனுக்குக் காற்று வேண்டுமல்லவா? பின்புறம் கட்டில் அளவுக்கு ஒரு தோல் துருத்தி உண்டு. அதன் மரக்கட்டையை யாராவது மேலும் கீழும் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கிணற்றில் நீர் இறைப்பது போன்ற வேலை. முதலில் அதை அடித்தவன் அவள் புருஷன் ஜூல். பழைய சொல்தா. குடித்துவிட்டு வந்து நடுப் பூசையில் தூங்கிவிடுவான். எருமை படுக்கிற சத்தத்தோடு ஆர்கன் அடங்கிப்போகும். அவன் காய்ச்சலில் போன பிறகு, 'வேறு ஆள் கிடைக்கும் வரை நீ அடி' என்றார் சாமி. வேறு ஆள் ஏழு வருஷமாகக் கிடைக்கவில்லை.

ஆணும் பெண்ணும் மேல்மாடத்தில் ஒன்றாக இருக்கிறார்கள் என்று யாரும் வாயெடுக்கக் கூடாதென்று சாமி ஏற்பாடெல்லாம் செய்திருந்தார். நடுவில் பலகைத் தடுப்பு. பிரான்சுவா வாசல் பக்கப் படியில் ஏறுவார். மாரி-ரோஸ், சாமி உடுப்பு மாற்றும் சக்ரீஸ்து அறைப் பக்கமிருந்து செங்குத்தான ஒரு ஏணியில் ஏறுவாள். இரண்டு பேருக்கும் இடையில் ஒரு கயிறும் சின்ன மணியும் மட்டும். அவர் ஒரு தடவை இழுத்தால், 'காற்று வேண்டும், அடி.' இரண்டு தடவை இழுத்தால், 'முடிந்தது, போகலாம்.' அந்த மணி அவள் பக்கத்து மூலையில், அவளுக்கு மட்டும் கேட்கிற அளவில் மெல்ல ஒலிக்கும். கீழே ஆர்கன் சத்தத்திலும் இருமலிலும் யார் காதிலும் அது விழுந்ததில்லை.

அவள் என் பக்கத்து வீட்டில், அண்ணன் மார்செலோடு இருந்தாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அது மெல்லியதாக இருந்தது என் குற்றமில்லை.

அந்த வருஷம் பாஸ்குப் பண்டிகைக்கு முந்திய நாற்பது நாள் தபசு காலத்தில், பக்கத்துச் சோலோனிலிருந்து ஒரு மோட்டார் வந்தது. அரிசி ஆலை வைத்திருந்த ஓர் உள்ளூர் அன்னாமியக் கிறிஸ்தவர் கோவிலுக்குக் கொடுத்தது. மின்சாரத்தில் ஓடும், துருத்தியை அதுவே நிரப்பும். தபசு காலத்தில் ஆர்கன் வாசிக்கக் கூடாது என்பதால் பொருத்துவதற்கும் வசதியாகப் போயிற்று. நடுவில் நாலாம் ஞாயிறு ஒரு நாள் மட்டும் விலக்கு உண்டு: சாமி ரோஜா நிற உடுப்பு போடுவார், பீடத்தில் பூ வைக்கலாம், ஆர்கன் வாசிக்கலாம். அன்றைக்கு மோட்டாரை ஓட்டிப் பார்ப்பதென்று முடிவாயிற்று.

மோட்டார் வந்த இரவே சுவருக்கு அப்புறம் பேச்சு கேட்டது.

"இனிமே இவளுக்குக் கோவில்ல என்ன வேலை?" இது மார்செலின் பெண்சாதி ஜூலியேத். "காரைக்கால்ல எங்கம்மா படுத்த படுக்கையா கெடக்குறாங்க. போய்ப் பாத்துக்கட்டும்."

"புதன்கிழமைக் கப்பல்ல எடம் சொல்லி வச்சிட்டேன்" என்றான் மார்செல். "டிக்கெட்டும் வந்தாச்சு."

"உங்கம்மா என்னைப் பாத்தாலே மூஞ்சியத் திருப்பிக்குவாங்களே, அண்ணி" என்றாள் மாரி-ரோஸ்.

"இப்ப அவங்களால கழுத்தே திருப்ப முடியலையாம். தைரியமா போ."

மறுநாள் காலையில் தெருக்குழாயடியில் அவளைப் பிடித்தேன்.

"உனக்குப் போக இஷ்டமாடி?"

"எனக்கென்னக்கா இஷ்டம்." குடம் நிரம்புவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பதினெட்டு வருஷம் ஆச்சு இந்த ஊருக்கு வந்து. இருக்கேன்னு சொல்லணும்னா எதையாவது காட்டிச் சொல்லணும்ல. புள்ளையா, குட்டியா? ஒரு துருத்தி இருந்துச்சு."

இடது தோளைவிட வலது தோள் அவளுக்கு ஏறியிருக்கும். குடத்தை அந்தத் தோளில் வைத்துக்கொண்டு போனாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ரொட்டிக்கடையில் பிரான்சுவாவைப் பார்த்தேன். சேதி என்று ஒன்று கையில் இருந்தால் எனக்கு வைத்துக்கொண்டிருக்க முடியாது.

"என்ன தம்பி, மோட்டார் வந்திடுச்சாமே. இனிமே ராத்திரி வரைக்கும்கூட வாசிக்கலாம், ஆளு களைச்சுப்போறதே இல்ல."

"ஆமாம்" என்றார்.

"அந்த மாரி-ரோஸ்தான் பாவம். புதன்கிழமை காரைக்காலுக்கு ஏத்தி விடுறாங்க. இனிமே வரமாட்டா."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கடைக்காரனைப் பார்த்தார். அப்புறம் யாரையும் பார்க்கவில்லை.

"அதை விடுங்க. அந்துவானேத்துக்கு எந்தக் கலர் பிடிக்கும்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"புதன்கிழமையா?" என்றார். வெளியே போய்விட்டார். வாங்கிய ரொட்டி மேசையிலேயே கிடந்தது. அந்துவானேத் பேரைக் கேட்டதும் மனுஷன் எப்படிக் கலங்கிவிட்டார் என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டே ரொட்டியைக் கொண்டுபோய் அவர் வீட்டில் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மாரி-ரோஸ் கோவிலுக்குள் வந்து, எங்கே உட்காருவது என்று தெரியாமல் தூணோரம் நின்றாள். ஏழு வருஷமாக விடியற்கால அன்னாமியப் பூசையில் நன்மை வாங்கிவிட்டு நேரே ஏணிக்குப் போனவள். கூப்பிட்டு என் பக்கத்தில், ஐந்தாம் வரிசையில் உட்கார வைத்தேன்.

மேலே ஈ மொய்க்கிற மாதிரி ஒரு 'ங்ங்' சத்தம். மோட்டார். பிறகு ஆர்கன் எழுந்தது.

முதல் நிமிஷம் நன்றாகத்தான் இருந்தது. மாரி-ரோஸ் வாயைப் பிளந்து நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுவாக்கா?" என்று கிசுகிசுத்தாள். "இப்படியா இருக்கும் கீழ? அங்க எனக்குத் துருத்தி கிரீச்சுடுறதுதான் கேக்கும்."

ஆனால் அது நிற்கவே இல்லை. ஏறியது, இன்னும் ஏறியது. ஒரு இடத்திலும் மூச்சு விடவில்லை. கரை எங்கே என்று தெரியாமல் நீந்துகிறவர் போல வாசித்துக்கொண்டே போனார். சாமி தூபம் காட்டி முடித்துவிட்டுக் காத்து நின்றார். இருமினார். ஆர்கன் கேட்கவில்லை. பழைய சொல்தாக்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்துவானேத்தின் அம்மா விசிறியை மடக்கிவிட்டாள்.

அப்போதுதான் மாரி-ரோஸின் மடியைப் பார்த்தேன். கை இரண்டும் கட்டையைப் பிடித்த மாதிரி மூடிக்கொண்டு, மேலும் கீழும் லேசாக அசைந்துகொண்டிருந்தன.

"இங்க விடணுமே" என்றாள், எனக்கல்ல. "இந்நேரம் எல்லாத்தையும் மூடிட்டு ஒத்தக் குழலுக்கு வந்திருப்பாரே."

"ஏன்?"

"என் கை ஓஞ்சிருக்கும்ல."

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்று சொல்கிற மாதிரி அதைச் சொன்னாள். நான் நன்றாக நெருங்கி உட்கார்ந்துகொண்டேன்.

"புரியிற மாதிரி சொல்லுடி."

"துருத்தியில காத்து கொறஞ்சா அவரு பக்கம் நூல்ல கட்டின ஈயக்குண்டு மேல ஏறும்க்கா. நான் களைச்சா அது ஏறும். அதைப் பாத்து மெல்லமா ஆக்கிடுவாரு. ஒத்தக் குழலுக்குக் கொஞ்சம் காத்து போதும். நான் உக்காந்து தண்ணி குடிப்பேன். குடிச்சிட்டு ரெண்டு அடி அடிச்சா குண்டு எறங்கும். அப்புறந்தான் பெருசா எடுப்பாரு."

"எப்பவுமா?"

"எல்லா ஞாயித்துக்கெழமையும். முதல்ல எழுந்தேத்தத்துல மட்டுந்தான். அப்புறம் காணிக்கைக்கு ஒண்ணு, நன்மைக்கு ரெண்டுன்னு ஆச்சு."

ஏழு வருஷமாக நாங்கள் பக்தி என்று எண்ணிக் கண்ணீர் விட்டதெல்லாம் மாரி-ரோஸ் தண்ணீர் குடித்த நேரம். பூசை வருஷா வருஷம் ஏன் நீண்டது என்பதும் அப்போது விளங்கியது. அவளுக்கு வயது ஏற ஏற அவர் ஓய்வைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார். என் குழம்பு அடிப்பிடித்ததெல்லாம் அதற்காகத்தான்.

"அவரோட பேசியிருக்கியா நீ?"

"பாஸ்குக்கும் கிறிஸ்மஸுக்கும் பலகைக்கு அந்தப் பக்கத்துலேருந்து வாழ்த்து சொல்வாரு. நானும் சொல்வேன்."

"இதையெல்லாம் நீ என்னன்னு நெனச்ச?"

"நல்ல மனுஷன்னு நெனச்சேன்." மடியிலிருந்த கையைப் பார்த்தாள். "அதுக்கு மேல நெனைக்க எங்கக்கா நேரம், ரெண்டு கையும் கட்டையில இருக்கும்போது."

எழுந்தேற்றம் வந்தது. ஆர்கன் பாதியில் வெட்டினாற்போல நின்றுபோனது. குழல் வரவில்லை. அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக வெறும் அமைதியில் முழந்தாளிட்டிருந்தோம். மோட்டார் மட்டும் மேலே 'ங்ங்' என்று ஓடிக்கொண்டிருந்தது. மாரி-ரோஸ் முக்காட்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டாள்.

நன்மைக்கும் அவர் வாசிக்கவில்லை. பூசை ஒன்பதரைக்கு முடிந்தது. பெண்களுக்கெல்லாம் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். யார் முகத்திலும் அதைக் காணவில்லை. குடையையும் செபப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு எழுந்தோம். சாமி பூசைப் பாத்திரத்தோடு சக்ரீஸ்து வாசல் வரை போய்விட்டார்.

அந்த நேரத்தில் மோட்டார் நின்றது. அது ஓடுகிறபோது கேட்டதைவிட நின்றபோதுதான் காதில் பலமாக விழுந்தது. அந்த அமைதியில் எங்கேயோ உயரத்திலிருந்து ஒரு சின்ன மணி ஒரே ஒரு தடவை ஒலித்தது.

கோவிலுக்குள் மணி அடித்தால் எங்களுக்கு என்ன தெரியும்? பிறந்ததிலிருந்து தெரிந்தது ஒன்றுதான். நடைபாதையில் பாதி தூரம் போனவர்கள், குடையைப் பாதி விரித்தவர்கள், வாசற்படியில் புஸ்-புஸ் கைரிக்ஷா வண்டிக்காரனைக் கைதட்டிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நின்ற இடத்தில் தொப்பென்று முழந்தாளிட்டோம். மார்பில் தட்டிக்கொண்டோம். சாமியே திகைத்துப்போய்ப் பாத்திரத்தோடு ஒரு முழங்காலை மடக்கிவிட்டார்.

நூற்றைம்பது பேர் கீழே. ஒருத்தி மட்டும் எழுந்து நின்றாள்.

"முட்டி போடுடி, மணி அடிச்சிருக்கு" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"அது எனக்குக்கா" என்றாள் மாரி-ரோஸ்.

மணி மறுபடி ஒரு தடவை அடித்தது. 'காற்று வேண்டும், அடி.' முந்தானையை என் கையிலிருந்து உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள். முழந்தாளிட்டவர்களுக்கு நடுவே வழி பார்த்து, இருவர் கால் விரலை மிதித்து, சாமியைச் சுற்றிக்கொண்டு சக்ரீஸ்துக்குள் போனாள். ஆண்கள் பக்கத்தில் மார்செல் பார்த்துக்கொண்டே இருந்தான். மணி அடித்திருக்கிறதே, எழுந்திருக்கப் பயம்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் துருத்தி ஒரு பெருமூச்சு விட்டது. அன்றைய லத்தீன் பாட்டின் முதல் நாலு சுரம் ஒற்றைக் குழலில் மெல்ல வந்தது, கையை எங்கே வைப்பதென்று கேட்கிற மாதிரி. இன்னொரு குழல் சேர்ந்தது. பிறகு எக்காளம் வந்தது. அது வந்தபோது நான் அழுதேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

நானும் போகவில்லை. எழுந்து சக்ரீஸ்து ஏணிப் பக்கம் போனேன். என் வயசுக்கு அந்த ஏணி ஆகாது. ஆனால் எல்லாரும் கீழே கேட்டுக்கொண்டிருக்கும்போது, மேலே என்ன நடக்கிறது என்று ஒருவராவது பார்க்க வேண்டாமா?

இருட்டில் மாரி-ரோஸ் கட்டையை அடித்துக்கொண்டிருந்தாள். முகமெல்லாம் வேர்வை. பலகைக்கு அப்புறம் ஒற்றைக் குழல் ஓடிக்கொண்டிருந்தது. அதனூடே அவர் குரல் கேட்டது.

"கை வலிக்குதா?"

"ஏழு வருஷமா வலிக்குது, முசே. இன்னிக்குத்தான் கேக்குறீங்க."

"கேட்டுக்கிட்டேதான் இருந்தேன்."

அவள் கையிலிருந்த கட்டை மேலேயே நின்றது. குழல் தேயத் தொடங்கியது. சட்டென்று நினைவு வந்து மறுபடி அடித்தாள்.

"தெரியும்" என்றாள். "இன்னிக்கு ஏன் அப்படி வாசிச்சீங்க? கீழ எல்லாருக்கும் பாவமா போச்சு."

"குண்டு அசையல. நீங்க எப்ப களைச்சீங்கன்னு தெரியல. எங்க நிறுத்துறதுன்னும் தெரியல." அந்த வருஷம் முழுக்க அவர் பேசியதில் அதுதான் பெரிய பேச்சாக இருக்கும். ஆனால் முடிக்கவில்லை. "புதன்கிழமை கப்பல்ல போக வேணாம். என்னோட இருங்க."

துருத்தி நாலு தடவை ஏறி இறங்கியது.

"அப்ப எங்கண்ணன்கிட்ட பேசணும் நீங்க" என்றாள். "வாயால பேசணும். ஆர்கன்ல வாசிச்சுக் காட்டினா அவருக்குப் புரியாது."

பேச அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. மார்செலுக்கு எழுந்திருக்கத் தைரியம் வந்து, வாசல் பக்கப் படியில் மூச்சு வாங்க ஏறி வந்துவிட்டான். ஜூலியேத்தும் பின்னாலேயே வந்தாள். ஆர்கன் நின்றது. பலகை இடுக்கில் பார்த்தேன், பிரான்சுவா எழுந்து நின்று, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"முசே மார்செல், உங்க தங்கச்சியக் கட்டிக்கிறேன். அனுப்பாதீங்க" என்றார்.

மார்செல் பலகையைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். இடுக்கு வழியே, ஏணி முனையில் தலையை நீட்டிக்கொண்டிருந்த என்னையும் பார்த்தான். "டிக்கெட் எடுத்தாச்சே" என்றான்.

"அண்ணி போகட்டும்" என்று பலகைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "அவங்க அம்மாதான."

புதன்கிழமைக் கப்பலில் ஜூலியேத் போனாள். துறைமுகத்துக்கு நானும் வழியனுப்பப் போயிருந்தேன்; போகாமல் இருக்க முடியுமா?

தபசு காலத்தில் கல்யாணம் இல்லை என்பதால் பாஸ்கு முடிந்துதான் சாமி பூசையில் கல்யாண ஓலை வாசித்தார். மூன்று ஞாயிறு, மூன்று தடவை. முதல் தடவை 'பிரான்சுவா' என்றதும் கோவிலே அந்துவானேத்தைத் திரும்பிப் பார்த்தது. அடுத்த பெயரைக் கேட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அந்துவானேத்தின் அம்மா எட்டு மாதம் என்னோடு பேசவில்லை. மகளுக்குக் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்க்கிற பையன் அமைந்த பிறகுதான் பேசினாள், சரிகையும் வீணாகவில்லை.

மோட்டார் இப்போதும் ஓடுகிறது. சாமிக்கு அதில் ஆசை. கொடுத்தவர் மனமும் நோகக் கூடாதே. மாரி-ரோஸ் கீழே, இரண்டாம் வரிசையில், நடைபாதை ஓரமாக உட்காருகிறாள். துருத்திக்கு இப்போது களைப்பு கிடையாது. இருந்தாலும் காணிக்கைக்கு நடுவில் ஒரு இடத்தில் அவள் வலது தோளை லேசாகத் தளர்த்துவாள். அந்த நொடியே மேலே குழல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும்; ஒற்றைக் குழல் ஓடும். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொள்வாள், ஆர்கன் மறுபடி எழும்.

அவர் கண்ணாடியைப் பார்த்துத்தான் வாசிக்கிறார் என்று நான் அன்றைக்கே சொன்னேன். கொஞ்சம் முன்கூட்டிச் சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். பூசை மறுபடி பத்து மணிக்குத்தான் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை நான் இப்போதெல்லாம் கறியை அடுப்பிலிருந்து இறக்கி வைத்துவிட்டுத்தான் கிளம்புகிறேன்.